பிக்கரிங் ஏரிக்கரையில் ஒரு பழைய முறி

"எங்களிடம் அணு உலையை வாங்கிக்கொண்டு போய்க் குண்டு செய்தவர்கள் உங்கள் நாட்டுக்காரர்கள்தானே?" என்று மதிய உணவு மேசையில் ஒரு மூத்த கனடியப் பொறியாளர் என்னிடம் கேட்டார். என் டப்பாவிலிருந்த வெண்டைக்காய் மண்டியின் வாசம் எதனால் வருகிறது என்று விசாரிக்கத்தான் அவர் பேச்சைத் தொடங்கியிருந்தார். புளியும் அரிசி களைந்த நீரும் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று பேச்சு நகர்ந்து 1974இல் வந்து நின்றுவிட்டது. அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே கூடுதலாகத் தைத்தது. அந்த மே மாதம் 18ஆம் நாள் பொக்ரானில் இந்தியாவின் முதல் அணுவெடிப்புச் சோதனையில் நிலம் அதிர்ந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. என் அப்பச்சிக்கே (அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) அப்போது திருமணமாகவில்லை.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில், பிக்கரிங் அணுமின் நிலையத்துக்கு அடுத்த ஊரான ஏஜாக்ஸில் எங்கள் வீடு இருக்கிறது. மாகாணத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி அணு உலைகளிலிருந்து வருவது. 2015இல், நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருந்த வீடுகளுக்கெல்லாம், கதிரியக்கக் கசிவின்போது தைராய்டைக் காக்கும் பொட்டாசியம் அயோடைடு மாத்திரைகள் அனுப்பப்பட்டன. எங்களுக்கு வந்த பொட்டலம் சமையலறை அலமாரியில், காரைக்குடியிலிருந்து வரும் மிளகுத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2020 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பிக்கரிங் நிலையத்தில் ஏதோ நிகழ்வு என்று மாகாணம் முழுவதும் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா ஒரு பையோடு வந்து, "வெளிக்கிடச் சொன்னால் வெளிக்கிடுவம், முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ. இதைவிடப் பெரிய சத்தம் எல்லாம் கேட்டு வந்தனாங்கள்" என்றார். ஒன்பது மணி கடந்த பிறகு, தவறுதலாக அனுப்பிய செய்தி என்று அறிவித்தார்கள். அன்றைக்குக்கூட எனக்கு இந்த ஊர் அந்நியமாகத் தோன்றவில்லை. அந்த மதிய உணவு மேசையில்தான் தோன்றியது.

அன்று மாலை முழுவதும் அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். 1956இல் கனடா இந்தியாவுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட மும்பை டிராம்பே ஆய்வு உலை 1960இல் இயங்கத் தொடங்கியது. உலைக்குள் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும் கனநீரை அமெரிக்கா கொடுத்தது. அமைதிப் பணிகளுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது அன்றைய உறுதி. ஆனால், அமைதிப் பணிக்காக நிகழ்த்தும் வெடிப்பு அதற்குள் அடங்குமா என்பதை யாரும் தெளிவாக எழுதி வைக்கவில்லை. 1971இலேயே கனடியப் பிரதமர் பியர் ட்ரூடோ, தங்கள் உலையின் புளூட்டோனியத்தை வெடிப்புக்குப் பயன்படுத்தினால் உறவை மறுபரிசீலனை செய்ய நேரும் என்று இந்திரா காந்திக்கு எழுதினார். இந்தியா அந்தப் பொருள்கோளை ஏற்கவில்லை. இரு தரப்பும் ஒரே தாளை வைத்துக்கொண்டு தத்தமக்கு வேண்டியதைப் படித்தன. இந்தியா திருடியது என்று சொல்வதை நான் மறுப்பேன். கனடாவுக்கு வருத்தப்படக் காரணமே இல்லை என்று சொல்வதையும் மறுப்பேன். அந்தத் தாளில் இடம் விட்டு எழுதியவர்கள் இரண்டு நாட்டிலும் இருந்தார்கள்.

என் தாத்தா, நாங்கள் ஐயா என்று அழைத்தவர், இருந்திருந்தால் இதை ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பார். பதினான்கு வயதில் வட்டிக்கடையின் கடைநிலை ஊழியரான பெட்டியடிப் பையனாக ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிக்குப் போனவர். அடுத்தாளாகி, மேலாளாகும் தறுவாயில், 1942இல் ஜப்பானியர் வந்ததும் நடந்தே ஊர் திரும்பியவர். முறி (கடன் பத்திரம்) எழுதும்போது வட்டி விகிதத்தைவிட, கணக்கைப் பார்க்க யாருக்கு உரிமை உண்டு என்பதைத்தான் முதலில் எழுதிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. மூன்று ஆண்டுச் சம்பளச்சீட்டு முடிந்து ஊர் வருகிற ஒவ்வொருவரும் முதலாளி வீட்டுப் பட்டாசாலையில் பேரேட்டை விரித்து வைக்க வேண்டும். அப்படி விரித்து வைப்பதில் அவமானம் இல்லை, விரித்து வைக்கச் சொல்கிறவனும் தன் கணக்கை ஒளிக்காமல் இருந்தால் போதும் என்பார். பர்மாவின் நெல் விளையும் மாவட்டங்களில் சுமார் கால் பங்கு நிலம் ஒரு காலத்தில் அங்கே வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் கையில் இருந்தது; கடனைத் திருப்பித் தர முடியாதவர்களிடமிருந்து வந்த நிலம் அதில் பெரும்பகுதி. 1948இல் அந்நாடு நிலங்களைத் தேசியமயமாக்கிவிட்டது. பெட்டகம் நிறைய முறிகள் இருந்தும் ஒன்றும் செல்லவில்லை. ஐயா அந்த இழப்பைப் பற்றிப் பேசும்போது பர்மாக்காரர்களைக் குறைசொன்னதே இல்லை என்பதை நான் பிற்காலத்தில்தான் எண்ணிப் பார்த்தேன்.

2008 ஜூலையில் நான் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டதால், 22ஆம் தேதி நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. எங்கள் சிவகங்கைத் தொகுதியின் உறுப்பினர் அப்போது நிதியமைச்சர். அவர் கண்டனூர்க்காரர் என்பதாலேயே வளவில் இருந்த எல்லாரும் தொலைக்காட்சியின் முன் கூடிவிட்டார்கள். அவையில் சில உறுப்பினர்கள் கத்தை கத்தையாகப் பணத்தை எடுத்துக் காட்டியபோது, அப்பத்தா, "நம்ம ஊரு மொய்ப்பணத்தைக்கூட இப்படிக் காட்டுனது இல்ல" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். 275க்கு 256 என்று அரசு வென்றது. ஒப்பந்தத்தை ஆதரிக்க சமாஜ்வாதிக் கட்சி முடிவெடுக்கும் முன், அதன் தலைவர்கள் அப்துல் கலாமைச் சந்தித்து ஆலோசனை கேட்டார்கள் என்பதில் எங்கள் ராமநாதபுரத்து உறவினர்களுக்குத் தனிப் பெருமை. ஐயா மட்டும், "கணக்குப் பாக்க வர்றவன் யாரு, எந்த அறைக்கெல்லாம் வருவான்?" என்று என்னிடம் கேட்டார். இத்தனை ஆண்டு இந்தத் துறையில் இருந்தும் அதைவிடச் சரியான கேள்வியை நான் கேட்டதில்லை.

ஏனென்றால் அந்த ஒப்பந்தத்தின் உயிர் அங்கேதான் இருந்தது. 22 உலைகளில் 14ஐச் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்குத் திறந்துவிடுவது, மற்றவற்றைத் திறக்காமல் வைத்துக்கொள்வது என்று 2006இல் இந்தியா பிரித்தது. கல்பாக்கத்தின் இரண்டு உலைகளும் அங்குள்ள ஈனுலைகளும் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்க வடிவமைத்த உலைகள்) திறக்காத பக்கத்தில் இருக்கின்றன. 1974க்கு எதிர்வினையாகவே தோன்றிய அணுசக்தி விநியோக நாடுகள் குழு, 2008 செப்டம்பர் 6 அன்று வியன்னாவில் இந்தியாவுக்கு அணு வணிகத் தடையிலிருந்து விலக்கு அளித்தது. அப்போது நம் உலைகள் யுரேனியப் பற்றாக்குறையால் பாதித் திறனில் ஓடிக்கொண்டிருந்தன. விலக்கு வந்த பின் கனடாவும் திரும்பி வந்தது: 2010 ஜூனில் டொரன்டோவில் கையெழுத்து, 2013இல் நடைமுறை, 2015இல் கனடாவின் சஸ்காட்செவன் மாகாண யுரேனியத்தை விற்கும் ஒப்பந்தம். 1974இல் கதவைச் சாத்திய நாடு, மூவாயிரம் டன்னுக்கு மேல் விற்கச் சம்மதித்தது. ஆனால் அதில் ஒரு பிடி கூடக் கல்பாக்கத்துக்குப் போக முடியாது. கண்காணிப்புக்குத் திறந்த உலைகளுக்குத்தான் போகும். ஐயாவின் கேள்விக்கு இதுதான் பதில்.

அந்த ஒப்பந்தத்தைப் பெருங்கதையாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அதற்குப் பின் இந்தியாவில் ஓர் அமெரிக்க உலைகூட எழவில்லை. போபாலை மறக்காத நாடாளுமன்றம் 2010இல் இயற்றிய இழப்பீட்டுச் சட்டம், கருவியை விற்றவரிடமும் இழப்பீடு கோர வழி வைத்தது. அதைக் காட்டி விற்பவர்கள் தயங்கினார்கள். விபத்து நடந்தால் பொறுப்பேற்க மாட்டேன் என்று சொல்கிறவரிடம் உலை வாங்க வேண்டியதில்லை என்றே நான் நினைக்கிறேன். ஏரிக்கரையில், மாத்திரைப் பொட்டலத்தோடு வாழ்கிற எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

எனக்குள் பெரிதாக வளர்ந்துவிட்ட வருத்தம் வேறு. என் வேலை அழுத்தக் குழாய்களை ஆய்வது. கனநீர் உலையின் உள்ளே எரிபொருளைத் தாங்குகிற குழாய்கள் அவை. ஹியூரன் ஏரிக்கரையில் கனடா கட்டிய டக்ளஸ் பாயின்ட் உலையில் 306 குழாய்கள். அதை மாதிரியாகக் கொண்ட ராஜஸ்தான் உலையிலும், அதன் வழியில் வந்த கல்பாக்கம் உலையிலும் அதே 306. கனடியர்கள் விலகியபோது ராஜஸ்தானின் இரண்டாவது உலை பாதியில் நின்றது. நம் பொறியாளர்கள் அதை முடித்தார்கள், கல்பாக்கத்தை 1984இல் வணிக மின்னுற்பத்திக்குக் கொண்டுவந்தார்கள். 1983இல் பிக்கரிங்கில் ஒரு குழாய் வெடித்தது. அதே சிர்க்கோனிய உலோகக் கலவைக் குழாய்கள்தான் நம்மிடமும் இருந்தன. 1990களில் ராஜஸ்தானின் இரண்டாவது உலையிலும் அதன்பின் கல்பாக்கத்திலும் எல்லாக் குழாய்களையும் எடுத்துவிட்டு, நையோபியம் கலந்த புதிய குழாய்களைப் பொருத்தினார்கள். ஒரே நோயை இரண்டு நாட்டுக்காரர்களும் பார்த்தார்கள், இரண்டு நாட்டுக்காரர்களும் குணப்படுத்தினார்கள். அந்த உணவு மேசையில் குண்டைப் பற்றிய கேள்வி வந்ததே தவிர, இந்தக் குழாய்களைப் பற்றிய கேள்வி வரவில்லை. வந்திருந்தால் மண்டி ஆறிப்போகும்வரை பேசியிருப்பேன்.

எனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே தினமும் கடந்துபோன மின்வேதியியல் ஆய்வகத்தின் நீண்ட மதிலைத்தான் சொல்ல வேண்டும். அழகப்பர் முந்நூறு ஏக்கரும் பதினைந்து லட்சமும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். கடல் கடந்து சம்பாதித்த பணத்தில் ஒரு பங்கு, முகப்பும் தேக்குத் தூண்களுமாக மட்டும் நிற்காமல் ஆய்வகமாகவும் நிற்கும் என்பது, வளவைத் தவிர வேறு உலகத்தைப் பாராத பெண்களுக்கும் ஒரு கதவைத் திறந்தது. எங்கள் வீட்டில் கொண்டுவிக்க, அதாவது தொழிலுக்காகக் கடல் கடந்து, போனவர்கள் எல்லாரும் ஆண்கள். அப்பத்தா மூன்று மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்தார். சீர்முறைகளைக் குறிக்கும் முறைச்சிட்டையை எழுதினார், பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்தார், தானியக் கணக்கைப் பிசகாமல் வைத்திருந்தார். விசா கையில் கிடைத்த அன்று அவர் என்னிடம், "கணக்க மட்டும் நீயே எழுது, யாருகிட்டயும் குடுக்காத" என்று சொன்னார்.

உலை வளாகத்துக்குள் போவதற்கான அனுமதிக்கு, முன்பு எங்கெல்லாம் வசித்தேன், எங்கு வேலை பார்த்தேன் என்பதற்கெல்லாம் சான்று கேட்டார்கள். நான் தயங்கவில்லை, திறந்து வைக்கப் பழகிய வீட்டில் பிறந்தவள் நான். இரண்டு தெருக்களில் வாசல் உள்ள எங்கள் வீட்டுக்கு எந்தத் தெருவின் பெயரை எழுதுவது என்பதில்தான் சற்று நேரம் போனது. அதை எழுதிக்கொண்டிருக்கையில், மழை பெய்தால் வளவு வாசலில் வைக்கிற அண்டாக்களும், அவற்றில் நீர் விழுகிற ஒலி மாறி மாறி வருவதும் நினைவுக்கு வந்து, படிவத்தை மறுநாள்தான் முடித்தேன். இந்த நாட்டில் வேர் பிடித்துவிட்டேன் என்று அதற்கு முந்தைய வாரம்தான் அப்பச்சியிடம் சொல்லியிருந்தேன்.

2023 செப்டம்பரில் இரு நாடுகளுக்கும் மறுபடி பகை வந்து, கனடியர்களுக்கு இந்தியா விசா கொடுப்பதைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. இங்கே பிறந்த என் மகளின் பயணம் அதில் தடைபட்டது. அந்த ஆண்டுக் குலதெய்வப் படைப்புக்கு நாங்கள் போகவில்லை. அவளுக்கு நான் சொல்ல நேர்ந்தது, ஐயா எனக்குச் சொன்னதேதான்: இரண்டு அரசுகள் சண்டையிட்டால், அதற்குச் சம்பந்தமில்லாதவர்களின் பெட்டிதான் முதலில் திரும்பி வரும்.

இப்போது அண்ணன் மகள் அதே கல்லூரியில் இறுதியாண்டு. கல்பாக்கத்துக்கு விண்ணப்பிப்பதா, என் பக்கம் வருவதா என்று கேட்டாள். கல்பாக்கத்துக்கு முதலில் விண்ணப்பி என்றேன். பக்கத்திலிருந்த அப்பச்சி, "அப்ப நீ ஏன் தாயி போனே?" என்றார். மூல உலை எப்படி வரையப்பட்டது என்பதை அது பிறந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசை, அதைவிட, இந்தியாவில் யாரும் எனக்குக் கொடுக்காத பொறுப்பைக் கனடாவில் வாங்கிக் காட்ட வேண்டும் என்ற வேகம். இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். "அயித்தை, நீங்க மூலத்தைப் பாருங்க, நம்ம ஆளுங்க திருத்துனதை நான் பாக்குறேன்" என்று அவள் முடிவெடுத்துவிட்டாள். குழாய் உலோகவியலை எடுத்துக்கொள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஈனுலைப் பிரிவுதான் வேண்டும் என்று அவள் நிற்கிறாள். இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.