கட்டத்தோடு புள்ளி

இன்று ஒரு வளைகாப்புக்கு அப்பத்தாவின் கண்டாங்கிச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். கடுகு மஞ்சளில் அரக்குக் கட்டம், பெரிய கரை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பத்தா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்.

ரவிக்கைக்கு அம்மாவின் பெட்டியிலிருந்து மதுரைச் சுங்குடித் துணி ஒன்றை எடுத்தேன். அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளி. கட்டத்துக்குப் புள்ளி ஒத்து வராது, பிளெயின் துணி எடுங்கள் என்றார் டெய்லர் அண்ணன். எனக்கோ ஒத்து வரும் என்றுதான் பட்டது. சேலையின் கட்டம் பெரிது, புள்ளி மிளகை விடச் சின்னது. அதனால் ஒன்றோடொன்று மோதாது. அப்புறம் அந்த அரக்கு நிறம் இரண்டிலும் இருக்கிறதே, அதுவே சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே அளவாக இருந்திருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கையை மட்டும் பழைய கருப்பு வெள்ளைப் படங்களில் வருவதுபோலச் சின்ன பஃப் வைத்துத் தைக்கச் சொன்னேன். பெரிதாக வைத்தால் வேஷம் போட்டதுபோல் ஆகிவிடும். நகை ஒற்றைக்கல் தோடு மட்டும். தலையில் கதம்பம்.

பந்தியில் பெரிய அத்தை என் கையைப் பிடித்துப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவே குட்டியாய் ஒரு அரக்குப் பொட்டு, ஓரமெல்லாம் கோணல். "அச்சடிச்சது இல்லடி, முடிச்சுப் போட்டுச் சாயம் முக்குனது" என்றார். சாப்பிட்டு முடிக்கும் வரை கையை விடவில்லை.