இன்ட்ராமுரோஸ் மதில்மேல் ஒரு பாட்டுப் படப்பிடிப்பு

மணிலாவின் இன்ட்ராமுரோஸ் கோட்டை நகரத்துக்குப் போகிறவர்கள் வழக்கமாக மூன்று இடங்களைப் பார்ப்பார்கள். சான் அகஸ்டின் தேவாலயம், அதன் எதிரே காசா மணிலா அருங்காட்சியகம், வடக்கு முனையில் சாண்டியாகோ கோட்டை. நானும் பார்த்தேன். 1607இல் கட்டி முடித்த அந்தத் தேவாலயம் 1945 போரில் சுற்றியிருந்த ஊரே தரைமட்டமானபோதும் தப்பி நின்றது. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு மனதில் நிற்பது தெற்குப் பக்கம் சான் டியேகோ கொத்தளத்துக்கு அருகே, மதில்மேல் பார்த்த ஒரு படப்பிடிப்புதான்.

ஏழெட்டுக் கல்லூரிப் பிள்ளைகள். ஒரு கேமரா, வெயிலைத் திருப்பிவிட ஒரு தெர்மகோல் அட்டை, பாட்டை ஓடவிட ஒரு சின்ன ஸ்பீக்கர். பழைய ஸ்பானியக் காவலர் சீருடையில் இருக்கும் இன்றைய காவலாளி ஒருவர் வந்து அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு பெண்கள் நடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி தோள் எழும்பி நிற்கும் டெர்னோ உடையில். மற்றவள் ஜீன்ஸும் டீசர்ட்டும் போட்டு, பூச்சுற்றிய மூங்கில் வளைவு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவள் கூடவே நடக்கிறாள். நடை கூடிவரும்போதெல்லாம் பின்னால் கால்ஃப் வண்டி ஒன்று ஊர்ந்து வந்து காட்சியைக் கெடுத்தது. ஸ்பானியர்கள் வெட்டிய அகழியை அமெரிக்கர்கள் காலத்தில் தூர்த்துவிட்டார்கள், இன்று அது கால்ஃப் மைதானம்.

இடைவேளையில் இயக்குநரிடம் கதை என்ன என்று கேட்டேன். இருபத்திரண்டு வயது இருக்கும், வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தாள். “லியோனோர் ரிவேராவைத் தெரியுமா?” என்று திருப்பிக் கேட்டாள். நண்பர்களின் இசைக்குழு லியோனோர் பாடுவதாக ஒரு பாட்டு எழுதியிருக்கிறதாம், அதற்குத்தான் இந்தக் காணொளி.

பிலிப்பைன்ஸில் கல்லூரிக்குப் போன யாரைக் கேட்டாலும் லியோனோரைத் தெரியும். நாட்டின் தேசிய நாயகனாகக் கொண்டாடும் எழுத்தாளர் ஹோசே ரிசாலின் வாழ்க்கையும் எழுத்தும் கட்டாயப் பாடம் என்று 1956இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ரிசால் வழியாகத்தான் அவளைத் தெரியும் என்பது எனக்கு உறுத்தும் விஷயம். அவள் 1867இல் கமிலிங் ஊரில் பிறந்தவள், ரிசாலுக்கு உறவுக்காரப் பெண். அவள் அப்பா இந்த மதிலுக்குள்ளேயே, சாண்டோ தோமாஸ் தெருவில், மாணவர்களுக்கு விடுதி நடத்தினார். அங்கே தங்கிப் படித்த ரிசாலுக்கும் அவளுக்கும் காதல் உண்டானது. 1882 மே மாதம் அவர் அவளிடம் சொல்லாமல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியபோது அவளுக்குப் பதினைந்து வயது.

அப்புறம் எல்லாம் கடிதம்தான். அவள் குடும்பம் வடக்கே இருக்கும் டகுபானுக்குக் குடிபோனது. ஸ்பானிய அரசும் பாதிரிமார்களும் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் ஒருவனுக்கு மகளைக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. தபால் ஊழியர்களைக் கையில் போட்டுக்கொண்டு, வந்த கடிதங்களையும் போன கடிதங்களையும் அம்மாவே மறித்து வைத்துக்கொண்டார் என்பார்கள். 1887இல் ரிசால் நாடு திரும்பியும், டகுபான் போகக்கூடாது என்று அவர் அப்பா தடுத்துவிட்டார். ஒரே தீவில் இருந்தும் பார்க்கவில்லை. ரயில் பாதை போட வந்த ஹென்றி கிப்பிங் என்ற ஆங்கிலேயப் பொறியாளரை லியோனோருக்குப் பேசி முடித்தார்கள். அந்தச் செய்தி 1890 இறுதியில் மாட்ரிட்டில் ரிசாலை எட்டியது. 1893இல் பிள்ளைப்பேற்றில் அவள் இறந்துபோனாள். அதற்கு முந்தைய வருடம்தான் மணிலாவிலிருந்து டகுபான்வரை ரயில் முழுதாக ஓடத் தொடங்கியிருந்தது. கல்யாணத்துக்கு அவள் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, இனி யாரும் தன்னைப் பியானோ வாசிக்கச் சொல்லக்கூடாது என்பதாம். இதையும் வழிவழியாகச் சொல்கிறார்கள். வாசிப்பதை நிறுத்திய பெண்ணை ஒரு பாட்டில் பாடவைக்கிறார்கள் என்பதே எனக்கு நெஞ்சை அடைத்தது.

“சரி, இந்த ஜீன்ஸ் போட்ட பெண் யார்?” என்றேன்.

காணொளியின் கதை இன்று நடக்கிறது. மே மாதம் ஊர்தோறும் சாந்தாகுருசான் ஊர்வலம் வரும். இயேசுவின் சிலுவையைக் கண்டெடுத்ததாகச் சொல்லும் எலேனா ராணியாக வேடம் கட்டும் பெண் பூ வளைவின்கீழ் நடப்பாள், பக்கத்தில் துணையாக ஓர் இளைஞன் வருவான். இந்தக் கதையில் ராணியாக நடப்பவளின் காதலி, அந்த வளைவைத் தூக்கிவரும் பெண். அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே துணைக்கு ஒரு பையனை ஏற்பாடு செய்கிறார். ஊர் முழுக்கப் பார்க்க, காதலிக்கு ஓர் அடி தள்ளியே நடக்க முடிகிறது, அதற்குமேல் முடியாது. பாட்டுக்குள் 19ஆம் நூற்றாண்டுக் கடிதம், படத்தில் இந்த நடை.

இதில் மிகை ஒன்றும் இல்லை. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் என்று 1987 குடும்பச் சட்டம் சொல்கிறது. அதை எதிர்த்துப் போன வழக்கை உச்ச நீதிமன்றம் 2019இல் தள்ளுபடி செய்தது. மணிலாவை ஒட்டிய கேசான் சிட்டி நகராட்சி 2023இல் ஓர் அட்டை கொடுக்கத் தொடங்கியது. அதை வைத்திருந்தால், துணைவர் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கும்போது சிகிச்சை பற்றி முடிவெடுக்கலாம். இயக்குநர் அதைச் சொல்லிவிட்டு, “கையெழுத்துப் போட விடுகிறார்கள், அதுவரை வந்திருக்கிறோம்” என்றாள்.

சாயங்காலம் சாண்டோ தோமாஸ் தெருப் பக்கம் நடந்தேன். விடுதி இருந்த சுவடே இல்லை. பக்கத்தில் இருந்த பழைய பல்கலைக்கழகக் கட்டடமும் 1945இல் போய்விட்டது. லியோனோருக்காகப் போகிறவர்களுக்கு அங்கே பார்க்க எதுவும் கிடையாது. சாண்டியாகோ கோட்டையில் ரிசால் மரண தண்டனைக்கு நடந்துபோன வழி முழுக்கப் வெண்கலக் காலடிகள் பதித்து வைத்திருக்கிறார்கள்.

ஊர் திரும்பிய பிறகு காணொளி வெளியானது. கடைசியில் வரும் கடற்கரை ட்ரோன் காட்சி தேவையே இல்லை, மதில்மேல் முடித்திருக்கலாம். ஆனால் நடுவில் அம்மா வரும் காட்சிக்காக எதையும் மன்னிப்பேன். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு மகளுக்கு டெர்னோவைச் சரிசெய்கிறார். மேசைமேல் மகளின் போன் ஒளிர்கிறது. எடுத்துப் படிக்கிறார், முழுசாகப் படிக்கிறார், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த ஊசியைக் குத்துகிறார். லியோனோரின் அம்மாவை வில்லியாகவே கேட்டுப் பழகிய எனக்கு, அந்தக் கடிதங்களை அவர் படித்திருப்பாரா என்று கேட்கத் தோன்றியதே இந்தப் பிள்ளைகளால்தான்.

அடுத்த முறை மே மாதத்தில் போவதாக இருக்கிறேன். டர்லாக் மாகாணத்தில் இருக்கும் கமிலிங்குக்கும் போகவேண்டும்.