ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கான வகுப்பில் என் விதிகள்

அடுத்த வாரம் புதிய வகுப்பு தொடங்குகிறது. பெரியவர்களுக்கான உயர்நிலை ஆங்கிலம். மொத்தம் 16 வாரம், வாரத்துக்கு இரண்டு மாலை, ஒவ்வொரு மாலையும் இரண்டு மணி நேரம். முதல் நாளன்று எல்லோருக்கும் ஒரு தாள் கொடுப்பேன். அதில் வகுப்பு விதிகள் இருக்கும். ஒன்பது வருடமாக அந்தத் தாள் மாறிக்கொண்டே வருகிறது. சில விதிகளை நானே அடித்துவிட்டேன், சிலவற்றை யாரோ ஒருவர் கேட்ட கேள்விக்காகச் சேர்த்தேன். தாளில் விதி மட்டும்தான் இருக்கும், காரணம் இருக்காது. அந்தக் காரணங்களை ஒரு முறையாவது உட்கார்ந்து எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

முதலில் ஒரு கணக்கு. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட சட்டகம் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பி2 நிலையில் இருப்பார்கள், அதற்கு அடுத்த நிலையான சி1-ஐ எட்ட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் உத்தேசக் கணக்குப்படி பி2-வை எட்ட 500 முதல் 600 மணி நேரப் படிப்பு வேண்டும், சி1-க்கு 700 முதல் 800. அதாவது நடுவில் சுமார் 200 மணி நேரம். என் வகுப்போ மொத்தமே 64 மணி நேரம்தான். அதனால்தான் தாளின் முதல் விதி இப்படி இருக்கிறது: வகுப்பில் ஒரு மணி நேரம் இருந்தால், வீட்டில் இரண்டு மணி நேரம். வாரத்துக்கு எட்டு மணி நேரம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய கோரிக்கை என்று எனக்குத் தெரியும். படிப்பது, கேட்பது, எழுதுவது எல்லாமே கணக்கில் சேரும். பயணத்தில் ஒரு நேர்காணலைக் கேட்டுவிட்டு, இறங்கியதும் மூன்று வரி குறித்து வைத்தால் அதுவும் சேரும். வெறுமனே காதில் ஓடவிட்டது சேராது.

வருகை, நேரம் பற்றியெல்லாம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 32 வகுப்புகளில் 26-க்காவது வர வேண்டும். தாமதமானால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காமல் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்காருங்கள். வேலை முடிந்து ஓடி வருகிறவரை வாசலில் நிற்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

இனி, நான் விட்டுக்கொடுக்காத விதி: எழுதியதைத் திரும்ப எழுத வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கணக்காளர் வந்து சேர்ந்தார். 26 வருடமாக அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பவர். சரளமாக எழுதுவார், நல்ல சொல்வளம். ஆனால் வாக்கியத்தை ‘ஆல்தோ’ என்று தொடங்கினால் நடுவில் ஒரு ‘பட்’ தவறாமல் வந்துவிடும். ‘டிஸ்கஸ்’ வந்தால் கூடவே ‘அபவுட்’ வரும், ‘ரிட்டர்ன்’ வந்தால் ‘பேக்’ வரும். மூன்றாவது வாரம் நான் மறுபடியும் அதே இடங்களில் கோடு போட்டுக் கொடுத்தபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மேடம், நான் எழுதுவது உங்களுக்குப் புரிகிறது அல்லவா?” என்றார். “புரிகிறது சார். எல்லோருக்கும் புரிந்துவிடுவதால்தான் இத்தனை வருடம் ஒருவரும் உங்களிடம் சொல்லவில்லை” என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் இரவே திருத்தி எழுதி அனுப்பினார்.

உயர்நிலையில் இருப்பவர்களின் உண்மையான சிக்கல் இதுதான். தொடக்க நிலையில் தவறாகப் பேசினால் எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பார், மறுபடி கேட்பார். அந்தத் தடுமாற்றமே ஒரு பாடமாகிவிடும். நன்றாகப் பேசுகிறவருக்கு அந்த உதவி கிடைப்பதில்லை. கேட்பவர் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுவார், தவறு பேசியவரிடமே தங்கி, வருடக்கணக்கில் இறுகிவிடும். லாரி செலிங்கர் என்ற மொழியியலாளர் 1972-இல் எழுதிய ஒரு கட்டுரையில், உயிர்கள் பாறைக்குள் புதைபடிவமாகிப்போவதைச் சொல்லும் சொல்லையே இதற்குப் பயன்படுத்தினார். எனக்கு அந்தச் சொல் மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ஒரு முறை சுட்டிக்காட்டினால் போகக்கூடிய தவறுகள் அல்ல இவை. கை தானாக எழுதுவதை, அதே கை நின்று பார்த்து மாற்றி எழுத வேண்டும், பல தடவை.

அதனால் நான் சரியான விடையை எழுதித் தருவதில்லை. தவறு இருக்கும் வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு கோடு மட்டும். எங்கே, என்ன என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கட்டுரையில் இரண்டு வகைத் தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்வேன். இந்த வாரம் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘எ’, ‘தி’ என்றால் அடுத்த வாரம் வேறு. முன்பு எல்லாவற்றையும் திருத்தித் தந்துகொண்டிருந்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் படிக்கிறவர் எதையும் பார்ப்பதில்லை, மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார். அதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடம் ஆனது.

முதலில் எழுதித் தரும் படிக்கு மதிப்பெண் கிடையாது, திருத்தி எழுதிய இரண்டாவது படிக்கு மட்டும்தான். இந்த விதி ஒரு பெண்ணால் வந்தது. அவர் கொடுத்த கட்டுரையில் ஒரு குறைகூட இல்லை. அதிலிருந்த ஒரு சொல்லை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று தனியாகக் கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. கணினியிடம் கொடுத்து எழுதி வாங்கியதாக ஒப்புக்கொண்டார். “என் வாக்கியத்தைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது மேடம்” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தவறான வாக்கியத்தை என்னிடம் காட்டக் கூச்சப்படும்படி ஒரு வகுப்பை நடத்திவிட்டேனே என்றுதான் நினைத்தேன். அடுத்த வகுப்பிலிருந்து முதல் படிக்கான மதிப்பெண்ணை எடுத்துவிட்டேன். இப்போது கணினிக் கருவிகளைப் பயன்படுத்தலாம், இரண்டாவது படிக்குப் பிறகு. அது மாற்றிய ஒவ்வொன்றையும் ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா, ஏன் என்று பக்கத்தில் எழுத வேண்டும். மறுக்கிற இடங்களைத்தான் நான் ஆசையாகப் படிப்பேன்.

அகராதி ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு இருக்க வேண்டும், கற்பவர்களுக்கென்றே தயாரித்ததாக. இருமொழி அகராதி பொருளைச் சொல்லிவிடும், அந்தச் சொல் யாரோடு சேரும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. நாம் தேர்வை எழுதுகிறோம், ஆங்கிலத்தில் அதைப் பெரும்பாலும் ‘டேக்’ செய்கிறார்கள், பிரிட்டனில் ‘சிட்’ என்றும் சொல்வார்கள். கனமழை அங்கேயும் ‘ஹெவி’தான், ஆனால் பலத்த காற்று ‘ஸ்ட்ராங்’ ஆகிவிடும். இந்தச் சேர்க்கைகளைக் குறித்துக்கொள்ள ஒரு தனி நோட்டு வேண்டும். தனிச் சொல்லை அதில் எழுதக் கூடாது, இரண்டு மூன்று சொற்களாக, படித்த வாக்கியத்தோடு எழுத வேண்டும்.

பேச்சுக்கு இரண்டே விதிகள். ஒருவர் சொல் தேடித் தடுமாறும்போது இன்னொருவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது, பத்து விநாடி காத்திருக்க வேண்டும். நல்லெண்ணத்தில்தான் உதவுகிறார்கள், ஆனால் தேடுகிற அந்தப் பத்து விநாடியில்தான் சொல் சொந்தமாகிறது. இன்னொன்று, யாருடைய உச்சரிப்பையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. என் வகுப்பில் யாரும் பிரிட்டிஷ்காரர் மாதிரியோ அமெரிக்கர் மாதிரியோ பேச வேண்டியதில்லை. அழுத்தம் மட்டும் சரியாக விழ வேண்டும். தமிழில் அசைகளுக்கு ஏறக்குறைய ஒரே எடை கொடுத்துப் பேசிப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு அசை ஓங்கும், பக்கத்தில் இருப்பது தேய்ந்துபோகும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையில் அழுத்தம், ‘ஃபோட்டோகிராஃபர்’ என்றால் இரண்டாவதில், ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாவதில். ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லாக வந்தால் முதல் அசை, வினையாக வந்தால் இரண்டாவது. கேட்பவர் திணறுவதற்குப் பல நேரம் இந்த அழுத்தம்தான் காரணம்.

ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்ற விதியை மூன்று வருடத்துக்கு முன் எடுத்துவிட்டேன். அந்த விதி இருந்தவரை கடினமான ஐயங்களை யாரும் கேட்கவேயில்லை, சுலபமானதை மட்டும் கேட்டார்கள். இப்போது ஐயத்தைத் தாய்மொழியில் கேட்கலாம். பதில் புரிந்ததும் அதே கேள்வியை ஆங்கிலத்தில் ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

என் பங்குக்கும் தாளில் இரண்டு வரி இருக்கிறது. நீங்கள் கொடுத்ததை நான்கு நாளுக்குள் திருப்பித் தருவேன். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, அடுத்த வகுப்புக்குள் தேடிக்கொண்டு வருவேன்.

சேரப்போகிறவர்கள் முதல் நாள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் வேலையில் வெளியாட்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒரு விஷயம் பற்றி, கையால், யாரிடமும் காட்டாமல். அதில் நான் கோடு போட மாட்டேன். தேதி குறித்து ஓர் உறைக்குள் வைத்து ஒட்டி, 16-ஆவது வாரம் உங்கள் கையிலேயே கொடுப்பேன். கோடு போடும் பேனா அன்று உங்களிடம் இருக்கும்.