நடுவில் நிற்காத லீவரும் நான்கு நாள் அலைச்சலும்

கடைசல் இயந்திரமான லேத்தை நிறுத்திவிட்டு, அதில் மாட்டியிருந்த ஷாஃப்ட்டின் (சுழல்தண்டின்) மேல் அளவெடுக்கும் வெர்னியரை வைத்தேன். ஷாஃப்ட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் தானாகச் சுற்றத் தொடங்கியது. கையை இழுத்துக்கொண்டேன், வெர்னியர் சுவரில் போய் மோதியது. இப்போது நினைத்தாலும் விரல்களைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

திருநெல்வேலி பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறேன். என் லேத்தில், வெட்டும் கருவியோடு நகரும் பகுதியின் முன்பக்கமான ஏப்ரான் பக்கத்து லீவரைக் கீழே தள்ளினால் நேர்ச்சுற்று, மேலே தூக்கினால் எதிர்ச்சுற்று, நடுவில் விட்டால் நிற்க வேண்டும். அந்த நடுவில்தான் அது நிற்கவில்லை.

வந்த எலக்ட்ரீஷியன் லீவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சுவிட்ச் போய்விட்டது என்றார். லீவரின் அசைவில் தட்டுப்பட்டு மோட்டாரை ஓட்டும் லிமிட் சுவிட்சுகள் இரண்டையும் 1,800 ரூபாய்க்கு மாற்றினோம். மறுநாள் காலையிலேயே பழையபடி ஆனது. மானூரிலிருந்து கிணற்றுப் பம்பின் ஷாஃப்ட்டைக் கொண்டுவந்த விவசாயி, வாழை வாடுகிறது என்று இரண்டு முறை வந்து நின்றார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். வந்ததும், "முதலில் மெயினை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கி உன் சட்டைப்பையில் போடு தம்பி" என்றார். பிறகு லீவர், அதோடு திரும்பும் நீளக் கம்பி, சக் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம் சுவிட்சைத் தட்டும் சிறு கை ஆகிய மூன்றின் மேலும் சாக்பீஸால் கோடு போட்டார். லீவரை அசைத்தும் கம்பி அசையாவிட்டால் கோளாறு இரண்டையும் பிணைக்கும் சாவியில். கம்பி திரும்பியும் கை திரும்பாவிட்டால் கையைக் கம்பியோடு பிணைக்கும் பின்னில் (ஊசியில்). எங்கள் கம்பி விரல்கடை தூரம் திரும்பிய பிறகே கை அசைந்தது; ஆகக் கோளாறு பின்னில். ஐந்து நிமிட வேலை இது. இதை முதல் நாளே செய்யாமல் விட்டோமே என்று வயிறு எரிந்தது.

ஒரு குழியில் விழுந்து கம்பியை நடுவில் பிடித்து நிறுத்தும் சிறு குண்டின் ஸ்பிரிங்கும் இரண்டாக முறிந்திருந்தது. பழையதை எடுத்துக்கொள்ளாமல் ஜங்ஷனுக்குப் போய் வாங்கிய ஸ்பிரிங் தடித்த கம்பியில் ஆனது. லீவர் அசையவே மறுத்தது. துண்டுகளைத் தாளில் மடித்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன்.

அதைவிடப் பெரிய பாட்டைக் கொடுத்தது, ஒரு முனை சிறுத்த அந்த டேப்பர் பின். அந்தப் பின்னின் சரிவு 1:50, அதாவது 50 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. தடிப்பு குறையும். 30 மி.மீ. நீளத்தில் இரு முனைக்கும் வித்தியாசம் 0.6 மி.மீ. மட்டுமே. பழைய பெயின்ட்டுக்கு அடியில் எது தடித்த முனை என்று கண்ணுக்குத் தெரியவில்லை. தடித்த பக்கத்திலிருந்தே அடித்துவிட்டேன். பின் இன்னும் இறுகி, தலையும் விரிந்துகொண்டது. ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதைத் துளைத்து எடுப்பதிலேயே போனது. தயவுசெய்து பெயின்ட்டைச் சுரண்டி, இரு முனைகளையும் வெர்னியரால் அளந்து, சிறிய பக்கத்திலிருந்து அடியுங்கள்.

துளையைச் சீவிச் சரிசெய்யும் அண்ணாச்சியின் ரீமரால் சீராக்கி, ஒரு அளவு பெரிய பின்னைப் போட்டோம். கையால் தள்ளும்போது ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய், கடைசிச் சிறு பகுதி மட்டும் லேசான தட்டலில் அமர வேண்டும். அப்படியே அமர்ந்தது. லீவரை நடுவுக்குக் கொண்டுவந்ததும் குண்டு குழியில் விழுந்த 'டக்' ஓசையைக் கேட்டு நானும் அண்ணாச்சியும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

அன்று மாலையே மானூர் ஷாஃப்ட் முடிந்தது. கம்பியைத் தாங்கும் கடைசி புஷ் (வளையம்) கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதையும் கடைந்து மாற்ற வேண்டும்.