மெ-ள-னம்

நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்த, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்க, வந்த காலத்தில் ஒரு புத்தகம் என்றால் 1,200 பிரதி. ஆஃப்செட்டில் பிளேட் போட்டு மெஷினை ஓட்டிய பிறகு அதற்குக் குறைவாக அடித்தால் கட்டாது. நூலக ஆர்டர் வந்தால் மூச்சு விடலாம். வராவிட்டால் ராயப்பேட்டையில் எங்கள் அலுவலக மாடிப்படிக்குக் கீழே கட்டுக்கட்டாகக் கிடக்கும். பிழை தப்பிவிட்டால் ‘பிழை திருத்தம்’ என்று ஒரு துண்டுச் சீட்டை அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் செருகுவோம்.

இப்போது தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் அச்சடிக்கும் பிரிண்ட் ஆன் டிமாண்டில் 50 பிரதி போதும். பிரதி ஒன்றுக்கு அடக்கவிலை கூடத்தான். ஆனால் நந்தனம் புத்தகக் காட்சியில் 50 தீர்ந்தால் இன்னொரு 50. இடையில் கண்ணில் பட்ட பிழையைக் கோப்பில் திருத்திவிட்டால் அடுத்த கட்டு சுத்தமாக வந்துவிடும். எனக்கு இது பெரிய ஆறுதல்.

2016 கடைசியில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் வந்ததும் எங்கள் பழைய புத்தகங்களை மின்னூலாக்க ஆரம்பித்தோம். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றிருந்தாலும், நாங்கள் பக்கம் வடிவமைத்த பேஜ்மேக்கர் மென்பொருளில் யூனிகோடு தமிழ் ஓடாது என்பதால் எங்கள் கோப்புகள் எல்லாம் பழைய எழுத்துருவில்தான் இருந்தன. அவற்றை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்தோம். திரையில் பார்க்க அச்சு மாதிரியே இருந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

போன வருடம் ஒரு வாசகர் போன் செய்தார். பார்வையற்றவர், போனை வாசிக்கவிட்டுக் கேட்கிறவர். “சார், கதை நல்லா போகுது. நடுவுல அடிக்கடி ‘மெ-ள-னம்’னு வருதே, அது என்ன?” என்றார்.

கோப்பைத் திறந்து ‘மௌனம்’ என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை என்றது. கண்ணெதிரே அந்தப் பக்கத்திலேயே மூன்று இடத்தில் இருந்தது! பழைய எழுத்துருவில் ஔகாரக் குறிக்கென்று தனி எழுத்து கிடையாது; கொம்பு, ம, ள என்று மூன்றாக அடிப்போம். தாளில் வித்தியாசமே தெரியாது. கணினிக்கோ அது ‘மெ’, அப்புறம் ஒரு ‘ள’. கௌரவம், சௌக்கியம், பௌர்ணமி எல்லாமே அப்படித்தான் இருந்தன. கண்ணால் படிக்கிற யாரும் இத்தனை வருடத்தில் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது.

ஏஐ வந்தாயிற்று, இனி மெய்ப்புக்கு ஆள் எதற்கு என்கிறார்கள். சந்திப்பிழையைக் காட்டும் மென்பொருளை நானும் தினமும் பயன்படுத்துகிறேன், உதவியாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பு கண்ணுக்கு மட்டும் சரியாக இருந்தால் போதும் என்றிருந்த பக்கம் இப்போது தேடலுக்கும் காதுக்கும் சரியாக இருக்க வேண்டும். எனக்கு வேலை கூடியிருக்கிறது. அதைப் பதிப்பகங்கள் செலவாகப் பார்த்துக் குறைப்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்த ‘ள’வை எல்லா இடத்திலும் மொத்தமாக மாற்றிவிடவும் வழியில்லை. ‘கெளுத்தி’ மீனில் இருப்பது உண்மையான ‘ள’. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அந்தப் புத்தகத்தை முடித்து, என் போனிலேயே வாசிக்கவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். பிறகு அந்த வாசகரைக் கூப்பிட்டேன். இன்னும் இரண்டு புத்தகத்தின் பெயரைச் சொன்னார். அதில் ஒன்று இப்போது என் மேஜையில் திறந்திருக்கிறது, 60-ஆம் பக்கத்தில்.