குன்றக்குடி: படியேறும் முன்

குன்றக்குடிக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். மலையேறி சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டு, இறங்கியதும் காரைக்குடி பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். அடிவாரத்தில் ஆயிரம் வருஷத்துக்கும் பழைய மூன்று குடைவரைகள், அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில்கள், இருப்பதை இந்தத் தடவைதான் நின்று பார்த்தேன். அதற்குக் காரணம் அயித்தையின் முழங்கால் வலி.

"படியேற என்னால ஆகாதுப்பா" என்றார். நான் தயங்கி நின்றதும், "முதல்ல கீழே அப்பனைப் பாரு. பிள்ளை எங்கேயும் போயிட மாட்டான்."

சரி என்று கீழ்க்கோயிலுக்குள் போனோம். முன்னால் இருப்பது பிற்காலத்தில் கட்டிய மண்டபம். அதைத் தாண்டினால் கட்டடம் முடிந்து மலை தொடங்குகிறது. வெயிலில் வந்த பாதத்துக்குத் தரை சில்லென்று இருந்தது. பாண்டியர் காலத்து வேலை, 8, 9-ஆம் நூற்றாண்டு.

கல்லை அடுக்கிக் கட்டும் கோயிலில் ஒரு கல் உடைந்தால் வேறு கல் கொண்டுவரலாம். குடைவரையில் அது நடக்காது. தூண் நிற்க வேண்டிய இடத்தில் பாறையை விட்டுவைத்து, சுற்றிலும் கொத்திக் கொத்தி எடுக்க வேண்டும். கருவறை லிங்கமும் அப்படித்தான். பாண்டிய நாட்டுக் குடைவரைகளில் பெரும்பாலும் லிங்கம் வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்ததில்லை, தாய்ப்பாறையிலேயே வடித்தது. முதல் உளி விழும் முன்பே, 'உள்ளே இந்த இடத்துப் பாறை சுவாமிக்கு' என்று ஒருவர் மனதில் ஒதுக்கியிருக்க வேண்டும். அதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தூண்கள் கீழும் மேலும் சதுரம், நடுவே எட்டுப்பட்டைக் கட்டு. மேலே போதிகை. மரக்கட்டடத்தில் உத்திரத்தின் பாரத்தைத் தூணுக்கு இறக்கித் தருவது போதிகை. இங்கே மேலிருப்பது ஒரே பாறை, அது தானாகவே நிற்கும். போதிகைக்கு வேலையே இல்லை. ஆனாலும் செதுக்கியிருக்கிறார்கள், கோயில் என்றால் தூணுக்குப் போதிகை வேண்டும் என்று. எனக்கு அந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடித்தது.

சுவரில் புடைப்புச் சிற்பங்கள். சிவன் கோயிலில் திருமால் நிற்கிறார், பக்கத்தில் மனித உருவில் கருடன். அங்கேதான் அதிக நேரம் நின்றேன். இதைச் செதுக்கியவர் யாரோ. பக்கத்துப் பிள்ளையார்பட்டிக் குடைவரையிலாவது 'எக்காட்டூருக் கோன் பெருந்தச்சன்' என்று தூணில் ஒரு பெயர் இருக்கிறது.

அப்புறம் தனியாக மேலே போனேன். அது வேறு உலகம்: விளக்கு, கூட்டம், விபூதி வாசனை. ஆறுமுகமும் பன்னிரு கையுமாக மயில் மேல் முருகன், வள்ளிக்கும் தெய்வானைக்கும் தனித்தனி மயில். மலையே மயில் வடிவம் என்பார்கள். ராஜபிளவை என்னும் கொடிய கட்டி குணமானதால் பெரிய மருது இங்கே திருப்பணி செய்தார் என்று ஊரில் சொல்வதுண்டு. மருது சகோதரர்களின் சிலைகளும் கோயிலில் இருக்கின்றன. 1801-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டவர்கள் இங்கே கைகூப்பி நிற்பதைச் சும்மா கடந்துவர முடியவில்லை.

கோயிலை நிர்வகிக்கும் திருவண்ணாமலை ஆதீனத்தின் மடமும் இந்த ஊரில்தான். 1952-இல் பட்டம் ஏற்ற 45-ஆவது குருமகாசந்நிதானம், அதாவது மடத்தின் தலைவர்தான் நாம் குன்றக்குடி அடிகளார் என்று சொல்பவர். தமிழில் அருச்சனை வேண்டும் என்றார், ஊருக்குத் தொழில் கொண்டுவந்தார். மடத்து வாசலில் அயித்தை நின்றுவிட்டார்.

"சின்னப் பிள்ளையில அவுக பேச்சைக் கேட்டிருக்கேன். எங்க அப்பச்சி தோள்ல தூக்கிட்டு வந்தாக."

"என்ன பேசினாங்க அயித்தை?"

"அது ஞாபகமில்லப்பா. மைக்கு இல்லாமலே கடைசி வரைக்கும் கேட்டுச்சு."

பஸ் வரும்வரை மலையைப் பார்த்தபடி நின்றோம். கீழே அந்தக் குடைவரைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று இப்போது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரியும்.