இருபது வயது எம்எக்ஸ்-5: வாங்குவதற்கு முன் படுத்துப் பார்த்த மூன்று கார்கள்

முதல் காரைப் பார்க்கப் போனபோது என் கையில் செல்போன் டார்ச் மட்டும்தான் இருந்தது. மூன்றாவது காருக்குப் போகும்போது பையில் ஒரு பழைய பாய், தலையில் மாட்டும் விளக்கு, துணி சுற்றிய காந்தம், அச்செடுத்த நாலு பக்கக் காகிதம் எல்லாம் இருந்தன. இடையில் கழிந்தது ஐந்து வாரம். இந்த நாட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கும் யாருக்காவது அந்த ஐந்து வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டர் பக்கம். மாஸ்டா எம்எக்ஸ்-5 மேல் எனக்குப் பல வருட ஆசை. 1989ல் சிகாகோ கண்காட்சியில் வந்த வண்டி. இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, முன்னால் எஞ்சின், இழுப்பது பின்சக்கரம், எடை ஏறக்குறைய ஒரு டன். 2016ல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. விளக்கு எழும்பி நிற்கும் முதல் தலைமுறையின் விலை எனக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறை கைக்கு எட்டியது. அதன் எஞ்சின் கெட்டி. எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வண்டியின் ஆயுளை முடித்துவைப்பது துரு.

நான் தூத்துக்குடியில் வளர்ந்தவன். உப்புக்காற்று பட்ட இரும்பு கேட் செதில் செதிலாக உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கடலே கண்ணில் படாத லெஸ்டரில் உப்பை நான் யோசிக்கவில்லை. இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க சாலை முழுக்கப் பாறை உப்பைத் தூவுகிறார்கள். செஷயரில் வின்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் அதற்காகவே பெரிய சுரங்கம் இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை அந்த உப்புத் தண்ணீர் காரின் அடியில் அடித்துக்கொண்டே இருக்கும். இருபது குளிர்காலம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதல் கார் 2003 மாடல், 1.8 எஞ்சின், சிவப்பு, 62,000 மைல். கேட்டது 3,200 பவுண்டு. பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. குனிந்து டார்ச் அடித்தேன், அடிப்பாகம் முழுக்கக் கன்னங்கரேல் என்று புதுத் தார் பூச்சு. "போன மாசம்தான் அடிச்சேன், இனி துரு வராது" என்றார் விற்பவர். எனக்கும் அது நல்ல விஷயமாகவே பட்டது. அட்வான்ஸ் கொடுக்காமல் வந்ததற்கு ஒரே காரணம், கூட வந்த மனைவி "ராத்திரி யோசிச்சுட்டு நாளைக்குச் சொல்லலாம்" என்றதுதான்.

அன்று ராத்திரி அரசின் எம்.ஓ.டி. வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தேன். எம்.ஓ.டி. என்பது மூன்று வயது தாண்டிய கார்களுக்கு இங்கே வருடா வருடம் நடக்கும் தகுதிச் சோதனை. வண்டி எண்ணைத் தட்டினால் 2005 முதல் ஒவ்வொரு சோதனையிலும் எழுதியதெல்லாம் இலவசமாக வரும்: மைல் கணக்கு, தேறியதா, எச்சரிக்கைக் குறிப்புகள். அந்தச் சிவப்புக் காருக்கு 2019ல் "இடது பின் சில் (கதவுக்குக் கீழே ஓடும் தகடு) துருப்பிடித்துள்ளது, ஆபத்தான நிலை இல்லை". 2021ல் அதே வரி இரண்டு பக்கத்துக்கும். 2022ல் "முன் சேசிஸ் சட்டத்தில் (வண்டியின் முன்பக்கத்தைத் தாங்கும் இரும்புச் சட்டகம்) துரு". 2023ல் இவை எதுவுமே இல்லை. "அடிப்பாகத்தில் பூச்சு இருப்பதால் சில பாகங்கள் தெரியவில்லை" என்று ஒரே வரி. இடையில் வெல்டிங் செய்ததாக எந்த ரசீதும் இல்லை. துரு தானாகக் குணமாகிற வியாதி இல்லையே. சோதிப்பவர் பூச்சை நீக்கிப் பார்க்க மாட்டார், லேசாகத் தட்டியோ சுரண்டியோ பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால் தேறிய சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். நாலைந்து வருடக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் படியுங்கள், கதை தெரிந்துவிடும்.

சில் என்பது கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் பெட்டி மாதிரியான தகடு. கூரை இல்லாத காரில் உடம்பு வளையாமல் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு. இந்த வண்டியில் மழைத் தண்ணீர் கூரையிலிருந்து இருக்கைக்குப் பின்னால் உள்ள இரண்டு குழாய் வழியாகக் கீழே இறங்கிப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வெளியேற வேண்டும். இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கி, சில்லை உள்ளிருந்து தின்னத் தொடங்கும். வெளியே காசு அளவு ஓட்டை தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும் என்று எங்கள் பக்கத்து வெல்டிங் கடைக்காரர் சொன்னார்.

இரண்டாவது கார் அதற்குச் சரியான சாட்சி. 1999 மாடல், 1.6, விலை வெறும் 1,400. இருக்கைக்குப் பின்னால் கார்ப்பெட்டில் கையை வைத்தேன், சொதசொத என்று ஈரம். காந்தத்தைக் கதவுக்குக் கீழே வைத்தால் கப்பென்று ஒட்டியது. பின்சக்கரம் பக்கம் நகர்த்த நகர்த்தப் பிடி தளர்ந்து, கடைசியில் நழுவி விழுந்தது. அங்கே தகடே இல்லை, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். சில்லின் அடிவிளிம்பில் இரண்டு தகடு சேரும் இடம் கத்தி முனை மாதிரி நேராக இருக்கும், ஜாக்கி வைக்க அதில் சின்ன வெட்டு அடையாளமும் உண்டு. அந்த விளிம்பு உருண்டு திரண்டு, வெட்டு காணாமல் போயிருந்தால் யாரோ மூடி மறைத்திருக்கிறார்கள்.

வெல்டிங் கடைக்காரரிடம் விலை கேட்டேன். இரண்டு சில்லும் ஒழுங்காக, உள்தகடு வரை வெட்டிப் போட 900 பவுண்டு. முன் சேசிஸ் சட்டமும் என்றால் மேலே இன்னொரு ஆயிரம். இந்தத் தலைமுறையில் அந்தச் சட்டம் சில இடங்களில் தகடு மேல் தகடாக அடுக்கியது; நடுவில் போன ஈரம் வெளியே வர வழியில்லை, உள்ளிருந்தே உப்பிக்கொண்டு வரும். "வெட்டின பிறகுதான் உண்மையான விலை சொல்ல முடியும்" என்றும் சேர்த்துச் சொன்னார். அப்போ அந்த 1,400 பவுண்டு கார் எனக்கு 3,300க்கு மேல் வந்து நிற்கும். அதில் பாதி விலைக்குக் கேட்கவும் மனம் வரவில்லை.

அப்புறம்தான் என் கணக்கு மாறியது. அதுவரை வருடம், மைல், நிறம் வைத்து விலையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலைதான், விற்ற விலை இல்லை என்பதும் உறைத்தது. துரு இல்லாத, ரசீதுள்ள வண்டிக்கு எங்கள் பக்கம் அப்போது 3,500 கேட்டார்கள். அதை மேல்வரம்பாக வைத்து, நான் செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலையையும் கழித்தேன். சொகுசு விஷயங்களுக்குக் கொஞ்சம், துருவுக்கு முழுசாக.

மூன்றாவது கார் 2001 மாடல், வெள்ளி நிறம், 88,000 மைல். மைல் அதிகம், பம்பரில் கீறல், படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வராது. கேட்டது 2,900. 2020ல் சில் இரண்டும் மாற்றிய ரசீது இருந்தது. அதோடு வெட்டித் திறந்து வைத்தபோது எடுத்த படங்களும் இருந்தன, உள்தகடு புதுசாகத் தெரிந்தது. "கீழே பார்க்கணும்" என்றதும் அந்தப் பெரியவர் தானே ஜாக்கியை எடுத்து வந்து, ஸ்டாண்டு வைத்து, முன்னால் இருந்த பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றிக் காட்டினார். முன் சட்டத்தில் மேலாக மட்டும் துரு. கட்டைவிரலால் அழுத்தினேன், கல் மாதிரி நின்றது. உப்பல் இல்லை, செதில் இல்லை. ஒளிக்க எதுவும் இல்லாதவர் என்று அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

பேரம் பேச எனக்குக் கூச்சம் அதிகம். காகிதத்தை நீட்டினேன்: டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இல்லை, 350. கூரைத் துணியில் கிழிசல், ஒட்டுப் போட 80. முன் சட்டத்தைச் சுத்தம் செய்து மெழுகு அடிக்க 250. அவர் கேட்ட 2,900லிருந்து இவற்றைக் கழித்து 2,220 என்று எழுதியிருந்தேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். "பெல்ட் சரி, துணி சரி. முன் சட்டத்துக்குப் பாதிதான் தருவேன்." 2,350க்கு முடிந்தது. வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று காசு கொடுப்பதற்கு முன் சரிபார்த்துக்கொண்டேன். வி5சி பதிவுப் புத்தகத்தில் பெயர் இருந்தால் அவர்தான் உரிமையாளர் என்று அர்த்தமில்லை, அதனால் இதைத் தவிர்க்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அந்த இரண்டு வடிகுழாய்கள். வளையும் நைலான் கம்பியை மெதுவாக விட்டு, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். கறுப்பாக ஒரு பிடி இலைச் சேறு விழுந்து, பின்னால் தெளிவாக ஓடியது. காற்று அழுத்தம் கொடுக்காதீர்கள், குழாய் உள்ளே கழன்றுகொள்ளும். உலர்ந்த வாரமாகப் பார்த்து சில்லுக்குள்ளும் முன் சட்டத்துக்குள்ளும் நீளக் குழல் வைத்து மெழுகு பீய்ச்சினேன்.

ஏப்ரலில் எம்.ஓ.டி. வந்தது. துரு பற்றி ஒரு வரியும் இல்லை. முன் இடது டயர் தேய்ந்திருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தார்கள். முன்பக்கம் இரண்டுக்கும் புது டயர் சொல்லியிருக்கிறேன்.